கினிகத்தேனை ஏற்றமும் கொதித்த லொறிகளும்

கொழும்பில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். ஹட்டனில் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 94 பாகை போதும். மலைநாட்டுத் தேயிலை லொறிகளின் பழங்கதையை எழுத உட்கார்ந்தால், இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மேலே ஏற ஏற எஞ்சினுக்குப் பாடு கூடுகிறது. அதைக் குளிர வைக்க வேண்டிய தண்ணீரோ முன்கூட்டியே ஆவியாகப் பார்க்கிறது.

லொறி வருவதற்கு முன் தேயிலைப் பெட்டிகள் மாட்டு வண்டியில் ஸ்டேஷனுக்குப் போயின. ரயில் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை 1903, 1904 ஆண்டுகளில் ஒரு சின்ன ரயில் பாதையும் போட்டார்கள். தெருவில் மோட்டார் வண்டிகள் பெருகிய பிறகு, 1940களில் அது மூடப்பட்டது. கொழுந்து, உரம், அரிசி, விறகு எல்லாம் லொறியின் முதுகில் ஏறின. எங்கள் பக்கம் பெரும்பாலும் பெட்போர்ட் லொறிதான். இங்கிலாந்தில் வொக்ஸ்ஹோல் கம்பனி 1931இல் தொடங்கிய பெயர் அது. சமநிலத்து ஊருக்குச் செய்த வண்டி எங்கள் மலையில் வந்து மூச்சு வாங்கியது.

நான் லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் தாய்மாமா ஓட்டிய லொறியில் கிளீனராகச் சேர்ந்தேன். தேயிலைப் பெட்டியோடு கொழும்புக்கு இறங்குவோம், உர மூட்டையோடு திரும்புவோம். அவிசாவளை, கித்துள்கலை தாண்டிக் கினிகத்தேனை ஏற்றம் தொடங்கியதும் மாமாவின் பேச்சு நின்றுவிடும். கண் பாதையிலும் ஹீட் மீற்றரிலும் மாறி மாறி இருக்கும். முள் சிவப்பைத் தொட்டால் லொறியை ஓரம் கட்டுவார். நான் குதித்துப் பின் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். "டேய், மூடியத் தொறந்துறாத. எஞ்சின் ஓடட்டும். மொதல்ல கைய வச்சுப் பாரு" என்பார்.

அந்தக் கை வைத்துப் பார்ப்பதில்தான் முழு வித்தையும் இருந்தது. மேல் ஹோஸ் கொதித்துக் கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் தண்ணீர் சுற்றவில்லை என்று பொருள். வாட்டர் பம்ப் வேலை செய்யவில்லை, இல்லையென்றால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. எஞ்சினே சுட்டுப்போய் மேல் ஹோஸும் குளிர்ந்து கிடந்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ரேடியேட்டரின் முகத்தை உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வந்தால், சில இடங்கள் மட்டும் குளிர்ந்திருக்கும். அந்தக் குழாய்களில் துருவும் சேறும் ஏறி அடைத்திருக்கின்றன. கராஜில் மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் சூடு காட்டிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுக் குத்தி எடுத்து, ஈயம் பற்றவைத்துத் திரும்ப மூடுவார்கள்.

மாமா யாருடைய லொறியைப் பார்க்கப் போனாலும், "எந்த எடத்துல கொதிச்சிச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. ஏற்றத்தில் மட்டும் கொதித்தால் ரேடியேட்டர் அடைப்பையோ தளர்ந்த பேன் பெல்ட்டையோ சந்தேகிப்பார். நடைவேகத்தில் ஏறும் லொறிக்கு எதிர்க்காற்று கிடையாது, பேன் இழுத்துத் தருவதே காற்று. பின்னாலிருந்து காற்று வீசும் நாளில் அதுவும் குறையும். பெற்றோல் எஞ்சினாக இருந்தால் தீப்பொறி பிந்தி விழுகிறதா என்றும், இறுகிய பிரேக் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறதா என்றும் பார்ப்பார். சமதரையிலும் கொதித்தால் வேறு கதை. காலையில் ஸ்டார்ட் பண்ணிய சில நிமிடத்திலேயே தண்ணீர் பொங்கினால் முகம் சுருங்கிவிடும். எஞ்சினை ஆறவிட்டு, பேன் பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரை வாய்வரை நிரப்பி, திரும்ப ஸ்டார்ட் பண்ணச் சொல்வார். பம்ப் ஓடாதபோதும் தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. எண்ணெய் மூடியின் அடியில் பால் ஆடை போல வெள்ளையும் படிந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ரேடியேட்டர் மூடியைப் பலரும் சும்மா மூடி என்றே நினைத்தார்கள். அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி அது. சதுர அங்குலத்துக்கு ஒவ்வொரு இறாத்தல் அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரைப் பாகை உயரும். ரப்பர் காய்ந்த மூடியோடு கொழும்பில் ஓடிய லொறி நானுஓயாவில் கொதித்ததற்குக் காரணம் அதுதான்.

1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் உதிரிப்பாகம் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. டயர் டியூபை வெட்டி மூடிக்கு வாஷர் போட்டார்கள். கசிவை அடைக்க மஞ்சள் தூள் கொட்டினார்கள். கசிவு நிற்கும், ஆனால் அதே தூள் குழாய்களிலும் போய்ப் படியும். வழியில் மாட்டிக்கொண்டவனுக்கு அது உதவி, ஊர் வந்த பிறகும் கழுவாமல் விட்டால் கேடு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்ததை மட்டும் நான் ஏற்கமாட்டேன். தை மாதம் உறைபனி கொட்டும் நுவரெலியாவில் அந்த லொறிகள் சூடேறவே இல்லை. ரேடியேட்டருக்கு முன்னால் சாக்குக் கட்டி ஓட்டினார்கள். எண்ணெய் இளகாமல் எஞ்சின் தேய்ந்தது, டீசலும் வீணானது.

இதெல்லாம் வெறும் இயந்திரச் சங்கதி என்று ஒதுக்க என்னால் முடியாது. பிரசவ வலி கண்ட பெண்ணையும் அட்டைக்கடி புண்ணோடு காய்ச்சலில் கிடந்தவனையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கொழுந்து லொறிதான். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களை, தகரப் பெட்டியும் பாயுமாக, தலைமன்னார் ரயிலுக்காக ஸ்டேஷனில் இறக்கிவிட்டதும் இதே லொறிதான். அந்தப் பயணங்களுக்கு முதல் நாள் இரவு மாமா ஹோஸ் கிளிப் ஒவ்வொன்றையும் முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். அழுதுகொண்டிருக்கும் சனத்தை நடுவழியில் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பு.

தோட்டத்துத் துரைமார் தங்கள் நாட்களைப் புத்தகமாக எழுதிவைத்தார்கள். டிரைவர்மாரின் அறிவு அப்படிப் புத்தகத்தில் ஏறியதாகத் தெரியவில்லை. உங்கள் தோட்டத்தில் பழைய லொறி டிரைவர் யாராவது உயிரோடு இருந்தால், எந்த வளைவில் எந்த லொறி கொதித்தது, எப்படிச் சரிசெய்தார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லொறி ஓட்டத்தை நாள்தோறும் பதிந்த பழைய கணக்குப் புத்தகம் ஸ்டோரில் கிடைத்தால் கடலைக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள்.