இரண்டு நிமிடம்

இந்தியத் தொலைக்காட்சியில் வணிக விளம்பரங்கள் இடம்பெறத் தொடங்கியது 1976ஆம் ஆண்டில். தூர்தர்ஷன் என்னும் அரசு நிலையத்தைத் தவிர மக்களுக்கு அன்று வேறு தொலைக்காட்சி இல்லை. 1982இல் புதுதில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது வண்ண ஒளிபரப்பும் வந்து சேர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டில், 'புட் ஸ்பெஷாலிட்டீஸ்' என்ற பெயரில் அங்கு இயங்கிய நெஸ்லேயின் துணை நிறுவனம், மேகி நூடுல்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மலேசியத் தமிழர்க்கு 'மீ' புதிய பண்டமன்று. சீனர் கடைகளில் அதனைக் கண்டும் உண்டும் பழகியவர் அவர். பிற்காலத்தில் 'மேகி கோரெங்' மாமாக் கடைகளுக்கே உரிய உணவாகவும் ஆகிவிட்டது. இந்திய இல்லத்தரசியின் நிலை வேறு. காய்ந்து சுருண்ட கட்டியையும், ஒரு சிறு உறை மசாலாத் தூளையும் உணவென்று அவள் ஏற்பதற்கு, யாரேனும் செய்துகாட்ட வேண்டியிருந்தது. அப்பணியை மேற்கொண்டது தொலைக்காட்சி விளம்பரமே.

பள்ளி விட்டு ஓடிவரும் பிள்ளைகள் பசி என்று கூவுவர். தாய் முகம் சுளிக்காமல், இரண்டே நிமிடம் என்பாள். அடுத்த காட்சியில் ஆவி பறக்கும் கிண்ணங்கள். இவ்வளவே கதை. ஆயினும் இதன் நுட்பம் எண்ணத்தக்கது. சோற்றையோ சப்பாத்தியையோ அவ்விளம்பரம் தொடவில்லை; பள்ளிக்கும் இரவு உணவுக்கும் இடைப்பட்ட மாலைப் பொழுதை மட்டுமே தனக்கெனக் கேட்டது. தாயை அடுக்களையிலிருந்து அகற்றவும் இல்லை. பொட்டல உணவைத் தருபவள் சோம்பேறி என்னும் பழிச்சொல்லுக்கு இடமின்றி, அவளையே அன்பின் உருவாகக் காட்டியது.

உண்மையில் சமையலின் பெரும்பகுதி ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. 1958இல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ விற்பனைக்குக் கொண்டுவந்த முறை அது. எண்ணெயில் பொரிக்கும்போது இழைகளிலுள்ள நீர் ஆவியாகி வெளியேற, நுண்துளைகள் எஞ்சுகின்றன. பின்னர் வெந்நீர் அவற்றின் வழியே புகுந்து இழைகளை விரைந்து மென்மையாக்குகிறது. நீர் கொதிப்பதற்கு ஆகும் நேரத்தை மட்டும் அந்த இரண்டு நிமிடக் கணக்கில் எவரும் சேர்ப்பதில்லை!

1984 ஜூலை 7ஆம் நாள் 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடர் தொடங்கியது. மக்களுக்குக் குடும்பநலக் கருத்துகளைப் புகட்டுவதற்கென, மெக்சிகோ நாட்டுத் தொடர்களின் முன்மாதிரியில் உருவானது அது. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதினார். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிப் பேசினார். அதற்குப் பொருளுதவி செய்த விளம்பரதாரர் மேகி நிறுவனத்தாரே. 156 பகுதிகள் கொண்ட அத்தொடர் 1985 டிசம்பரில் முடிந்தது. அது புகட்ட வந்த கருத்துகள் எத்துணைப் பேர் நெஞ்சில் தங்கினவோ, நூடுல்ஸ் தங்கிவிட்டது.

அக்காலத்துப் பிள்ளைகள் இன்று நடுவயதைக் கடந்துகொண்டிருப்பவர்கள். அவ்விளம்பரத்தை அவர்கள் நினைந்து ஏங்குவதற்கு அதன் கலைநயம் காரணமன்று. நிலையம் ஒன்றே ஆனதால், செல்வர் வீட்டிலும் எளியவர் கூடத்திலும் ஒரே நேரத்தில் ஒரே காட்சி ஓடியது. தொலைக்காட்சி இல்லாதோர் அண்டைவீட்டு வாயிலில் நின்று பார்த்தனர். பலருக்கும் பொதுவான பிள்ளைப்பருவம் ஒன்று அவ்வாறு வாய்த்தது. அதன் நடுவே விற்பனைக் குரல் ஒன்றும் தாயின் குரலாகவே பதிந்துபோனது.

இவ்வேக்கத்தின் வலிமை 2015இல் வெளிப்பட்டது. உத்தரப் பிரதேசத்தில் எடுக்கப்பட்ட மாதிரியில் ஈயம் பத்து இலட்சத்தில் 17.2 பங்கு இருப்பதாக ஆய்வகம் ஒன்று அறிவித்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ 2.5 பங்குதான். தமிழ்நாடு உட்பட மாநிலங்கள் பல தடை விதித்தன. ஜூன் 5ஆம் நாள் நாடு முழுவதும் விற்பனையை நிறுத்த ஆணை பிறந்தது. ஆயிரக்கணக்கான டன் நூடுல்ஸ் சிமெண்டு ஆலைகளின் சூளைகளில் எரிக்கப்பட்டது. ஆகஸ்டு 13ஆம் நாள் மும்பை உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கி, மூன்று ஆய்வகங்களில் மீண்டும் சோதிக்கப் பணித்தது. ஈயம் வரம்புக்குள் இருப்பதாக முடிவு வர, நவம்பரில் மேகி கடைகளுக்குத் திரும்பியது.

ஈயத்தின் அளவைப் பற்றி நாளேடுகள் எழுதிக்கொண்டிருந்த அம்மாதங்களில், பொதுமக்களிடையே பெரிதும் ஒலித்தது பிள்ளைப்பருவ நினைவே. நிறுவனமும் அதனை நன்கு உணர்ந்திருந்தது. மீள்வருகைக்கு முன் அது வெளியிட்ட குறும்படங்களில் சமையற்குறிப்பு இல்லை, ஆய்வக முடிவும் இல்லை; எப்போது திரும்பி வருவாய் என்று, பிரிந்த தோழனிடம் கேட்பதுபோல் ஏங்கும் இளைஞர்கள் தோன்றினர். இரண்டு நிமிடம் என்று சொல்லத் தாய் அங்கு இல்லை.