பால்கோவாவில் குடல்நச்சைக் கண்டறிதல்

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பாலும் சர்க்கரையும் சேர்த்து அகன்ற சட்டியில் சுண்டக் காய்ச்சப்படுவது. அந்தச் சூட்டில் பெரும்பாலான கிருமிகள் மடிந்துவிடும். கவனிக்க வேண்டியது இறக்கிய பிறகுதான். மூக்கிலும் தோலிலும் புண்ணிலும் வாழும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஆறவைத்துப் பொட்டலம் கட்டும் கைகள் வழியே ஒட்டக்கூடும். ஈரம் குறைந்த இனிப்பில் மற்ற பாக்டீரியாக்கள் திணறும்; இது தாக்குப்பிடிக்கும். வெதுவெதுப்பில் பெருகினால் இது சுரக்கும் குடல்நச்சு, சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியில் கொண்டுபோய் விடும்.

ஆய்வகத்தில் முதல் வேலை கிருமியை எண்ணுவது. பேர்டு-பார்க்கர் ஊடகத்தில் 37 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் வளர்த்தால், ஒளிவட்டம் சூழ்ந்த கறுப்புத் திட்டுகளாகத் தெரியும். முயல் பிளாஸ்மாவை உறையவைத்தால் சந்தேகம் உறுதியாகும். கிராமுக்கு 1,00,000 கிருமிகளைத் தாண்டினால் நச்சையும் தேடுவார்கள்.

எண்ணிக்கையை மட்டும் நம்புவது சரியல்ல. 2000-இல் ஜப்பானில் 13,000-க்கும் மேற்பட்டோரைப் படுக்கவைத்த பால் அதற்குச் சாட்சி. அந்தப் பாலில் சேர்த்த பவுடரைத் தயாரித்த ஹொக்கைடோ ஆலையில் மின்சாரம் நின்றபோது கிருமி பெருகியது. பின்னர் சூடாக்கியதில் கிருமி செத்தது, பால்பவுடரில் நச்சு தங்கிவிட்டது. பிசிஆர் சோதனையும் நச்சைச் சுரக்கும் மரபணுவைத்தான் காட்டும், சுரந்த நச்சை அல்ல.

நச்சையே பிடிக்க உதவுவது எலைசா. மாதிரியை நீரில் கரைத்து, புரதத்தைப் பிரித்துச் செறிவாக்கி, எதிர்ப்பொருள் பூசிய குழிகளில் இடுவார்கள். நச்சு இருந்தால் நிறம் மாறும். 2017-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 19020 தரமுறை இந்த வழியையே வகுத்திருக்கிறது. முன்பு பூனைக்குட்டிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்து, வாந்தி எடுக்கிறதா என்று பார்த்தார்கள். ஆனால் பேசில்லஸ் சீரியஸ் என்ற வேறொரு பாக்டீரியா சுரக்கும் செரியூலைடு என்ற வாந்தி நச்சுக்கு எதிர்ப்பொருள் முறை சரிப்படாது. அதற்கு நிறை நிறமாலைமானி வேண்டும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன்படி, பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். பால்கோவா போன்ற சீக்கிரம் விற்கும் பண்டத்தில், அறிக்கை வருவதற்குள் அந்தச் சட்டிச் சரக்கு தீர்ந்திருக்கும்.