தோற்றவருக்கும் ஓர் ஆசனம்: மொரீஷியஸ் தரும் பாடம்

"சிறுபான்மைக்கு பாராளுமன்றத்தில ஆசனம் ஒதுக்கினா பிரச்சினை தீர்ந்திரும்தானே சேர்?" உயர்தர வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். "ஓம், பெரும்பாலும் தீரும்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பின்னர்தான் மொரீஷியஸ் நினைவுக்கு வந்தது. அந்த விடை அவ்வளவு சுலபமானதல்ல.

மொரீஷியஸ் முஸ்லிம்களின் மூதாதையர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவும் வணிகர்களாகவும் வந்தவர்கள். சுதந்திரம் நெருங்கிய காலத்தில் அவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர். பெரும்பான்மை இந்துக்களின் வாக்குகளில் தாம் கரைந்துபோவோம் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. அப்துல் ரஸாக் முஹம்மத் தலைமையிலான முஸ்லிம் கட்சி உறுதியான பிரதிநிதித்துவம் கேட்டது. 1966இல் பான்வெல் ஆணைக்குழுவின் யோசனைகளும் அவற்றின்மீது எழுந்த சர்ச்சையும் கடைசியில் 'பெஸ்ட் லூசர்' முறையில் வந்து முடிந்தன.

முறை இதுதான். தீவின் 20 தொகுதிகளில் தலா மூவர், ரொட்ரிக்ஸ் தீவில் இருவர், ஆக 62 பேரை மக்கள் தெரிவு செய்வார்கள். அதற்கு மேல் 8 ஆசனங்கள் வரை தோற்ற வேட்பாளர்களுக்குக் கொடுக்கலாம். இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், பொது மக்கள் என்று யாப்பு நான்கு சமூகங்களைப் பிரிக்கிறது. தொகைக்கேற்ற இடம் கிடைக்காத சமூகத்தில் கூடுதல் வாக்குவீதம் பெற்றுத் தோற்றவர் சபைக்குள் அழைக்கப்படுவார். முதல் நான்கு ஆசனங்கள் சமூகச் சமநிலைக்கு, மற்ற நான்கும் கட்சிச் சமநிலையையும் காப்பதற்கு.

இதனால் நன்மை இல்லாமலில்லை. 1982இலும் 1995இலும் ஒரே அணி தீவின் 60 ஆசனங்களையும் வென்றபோது, எதிர்க்குரல் சில சபைக்கு வந்தது இந்த வாசல் வழியாகத்தான். சிறுபான்மை முஸ்லிம்களிலிருந்து காசிம் உத்தீமும் அமீனா குரிப் பகீமும் நாட்டின் ஜனாதிபதிகளாகவும் வந்தார்கள். ஆனால் அந்தப் பதவிகளுக்கு இந்த ஆசனக் கணக்கு தேவைப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

காகிதத்தில் எழுதிய உத்தரவாதம் தெருவில் அமைதியைத் தந்துவிடவுமில்லை. 1968 மார்ச் 12இல் சுதந்திரம். அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஜனவரியில், போர்ட் லூயிஸில் முஸ்லிம்களுக்கும் கிரியோல் மக்களுக்கும் இடையில் கலவரம் மூண்டது. அடக்குவதற்குப் பிரித்தானியப் படை வரவேண்டியிருந்தது.

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. 1972க்குப் பிறகு குடிசன மதிப்பீட்டில் சமூகம் கேட்கப்படுவதில்லை. எனவே இந்த ஆசனங்களைப் பங்கிடுவது அந்தப் பழைய கணக்கை வைத்துத்தான். தன் சமூகத்தை அறிவிக்காத வேட்பாளரின் நியமனப் பத்திரம் செல்லாது என்றும் விதி இருந்தது. இதை எதிர்த்து அந்நாட்டவர் சிலர் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். காலாவதியான எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அப்படிக் கட்டாயப்படுத்துவது உரிமை மீறல் என்று 2012இல் குழு கண்டது. 2014 தேர்தலுக்கு மட்டும், அறிவிக்காமலும் போட்டியிடலாம் என்று தற்காலிகத் திருத்தம் வந்தது.

நமக்கும் இந்தக் கதை முற்றிலும் அந்நியமல்ல. 95 தெரிவு ஆசனங்களோடு 6 நியமன ஆசனங்களையும் பல அங்கத்தவர் தொகுதிகளையும் வைத்த நமது சோல்பரி யாப்பும் அதே ஆட்சியாளர்களின் கையெழுத்துத்தானே.

மறுநாள் அந்த மாணவனிடம் என் விடையைத் திருத்திச் சொன்னேன். "ஆசனம் வேணும் மகன். அது இல்லாட்டி நம்மட குரல் சபையில கேக்காமலே போகலாம். ஆனா அந்த ஆசனத்துக்காக ஒருத்தன் எந்தக் காலமும் ஒரே பெட்டிக்குள்ள நிக்க வேண்டி வந்தா, அதுவும் ஒரு இழப்புத்தான்."

"அப்ப என்ன சேர் செய்யிற?" என்றான்.

அந்தக் கேள்விக்கு மொரீஷியஸிலேயே இன்னும் முடிவான விடை கிடைக்கவில்லை. இந்த முறை நானும் அவசரப்பட்டு விடை சொல்லவில்லை.