பிந்தி வந்த சமாதானம்

பண்ருட்டி என்றதும் நமக்குப் பலாப்பழம் நினைவுக்கு வருகிறது. பக்தர்களுக்கோ பக்கத்திலுள்ள திருவதிகை நினைவுக்கு வரும். அப்பர் சுவாமிகளின் சூலை நோய் தீர்ந்த தலம் அது. அங்கே ஓடும் கெடிலம் கிழக்கே போய்க் கடலூரில் கடலோடு கலக்கிறது. அந்தக் கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூரில்தான் கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறினார் என்பது வரலாறு.

பக்திக்குப் பேர்போன இந்தப் பிரதேசத்தில் பீரங்கிக்கும் குறைவில்லாமல் இருந்த ஒரு காலம் உண்டு. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் திருவதிகையைக் கைப்பற்றியபோது கோயில் மதிலே கோட்டைச் சுவராயிற்று. 1781-ல் ஹைதர் அலியின் வீரர்கள் சிதம்பரம் கோயிலுக்குள் இருந்துகொண்டு ஆங்கிலத் தளபதி ஸர் அயர் கூட்டின் தாக்குதலை முறியடித்தார்கள். சில நாட்களுக்குள், ஜூலை 1-ந் தேதி, பரங்கிப்பேட்டையில் கூட் அதற்குப் பழி வாங்கிவிட்டார். இப்படி வென்றவர் தோற்பதும், தோற்றவர் வெல்லுவதும் அந்நாளில் சர்வ சாதாரணம். ஆனால் 1783-ல் கடலூரில் நடந்த முற்றுகை மட்டும் தனி ரகம். அதை முடித்து வைத்தது வாளும் அல்ல, பீரங்கியும் அல்ல, ஒரு கடிதம்!

கதையைச் சற்று முன்னாலிருந்தே தொடங்கலாம். 1780-ல் ஹைதர் அலி பெரும் படையுடன் மலையிறங்கி ஆர்க்காட்டுச் சீமைக்குள் புகுந்தார். கும்பெனிப் படைகளுக்கு ஒரு மணி நெல்லும் கிடைக்கக் கூடாது என்று அவருடைய குதிரை வீரர்கள் ஊர் ஊராக அழித்தார்கள். கும்பெனியாரோ எஞ்சியதைத் தங்கள் படைகளுக்காக வாரிக்கொண்டார்கள். நடுவில் அகப்பட்ட குடியானவன் கதி என்ன? பஞ்சந்தான். சென்னைப் பட்டணத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக மணியக்காரர் சத்திரம் தோன்றியது அந்தப் பஞ்ச காலத்திலேதான்.

1782 ஏப்ரலில் ஹைதரின் துணையோடு பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி ஹைதர் சித்தூருக்கு அருகே பாசறையில் காலமானார். அவர் மகன் திப்பு சுல்தான், படையின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துணையாக விட்டுவிட்டு மேற்குக் கடற்கரைக்கு விரைந்தார். கடலூரில் இப்போது பிரெஞ்சுத் தலைவர் புஸ்ஸி. ஒரு காலத்தில் தக்காணத்தையே ஆட்டி வைத்த அதே புஸ்ஸிதான். ஆனால் அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. நோயும் மூப்பும் சேர்ந்துகொண்டன.

எதிரே வந்த ஆங்கிலத் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கோ ஒரு கால் இல்லை. பொள்ளிலூர்ச் சண்டையில் அதைப் பறிகொடுத்திருந்தார். சென்னையிலிருந்து நூறு மைல் தூரத்தைக் கடக்க அவர் நாற்பது நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டார். நமது கட்டை வண்டிகூட இதைவிட வேகமாகப் போகும்! ஜூன் 7-ந் தேதி, சுமார் 11,000 பேருடன் கடலூருக்குத் தெற்கே அவர் பாளையம் இறங்கினார். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் இன்று மத்திய சிறைச்சாலை இருக்கும் கேப்பர் மலை.

ஜூன் 13-ந் தேதி விடியற்காலையில் போர் மூண்டது. பகல் முழுவதும் அந்தச் செம்மண் மேடுகளிலும் மணலிலும் சண்டை. அன்று அங்கே விழுந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மனியில் ஹானோவரிலிருந்து கப்பலேறி வந்த சோல்ஜர்கள், வங்காளத்திலிருந்து கால்நடையாகவே நடந்து வந்த சிப்பாய்கள், மைசூர்க்காரர்கள், நமது தமிழ்நாட்டுச் சிப்பாய்கள். ஆங்கிலேயர் பக்கத்தில் மட்டும் இறந்தவரும் காயமுற்றவருமாக ஆயிரம் பேருக்கு நெருங்கிவிட்டது. இரவோடு இரவாகப் பிரெஞ்சுப் படை நகருக்குள் பின்வாங்கியது.

ஒரு வாரத்துக்குள் காட்சி மாறிற்று. ஜூன் 20-ந் தேதி பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் ஸப்ரன், பதினைந்து கப்பல்களை வைத்துக்கொண்டு ஹியூஸின் பதினெட்டுக் கப்பல்களோடு மோதினார். எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. ஆயினும் குடிநீர் இல்லாமலும் நோயினாலும் தவித்த ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார். உடனே ஸப்ரன் தம் ஆட்களைக் கரையில் இறக்கிப் புஸ்ஸியின் கையை வலுப்படுத்தினார். முற்றுகையிட வந்த ஸ்டூவர்ட் தாமே முற்றுகைக்குள்ளானவர் போல் ஆனார். ஜூன் 25-ந் தேதி பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையிலிருந்து வெளியே பாய்ந்து தாக்கியபோது ஆங்கிலேயர் அதை முறியடித்தார்கள். ஆனால் அடுத்த தாக்குதல் எப்படி முடியும் என்று யாரால் சொல்ல முடியும்?

அன்று சிறைப்பட்டவர்களில் பிற்காலத்தில் சுவீடன் தேசத்து அரசரான பெர்னடாட்டும் ஒருவர் என்று ஒரு கதை வெகு காலம் உலவியது. எங்களைப் போன்ற நாவலாசிரியர்களுக்கு இது கற்கண்டு! ஆனால் அவர் இந்தியாவுக்கே வந்ததில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லுகிறார்கள். கற்பனை இல்லாமலே வியப்பூட்டும் விஷயம் இந்த முற்றுகையில் வேறொன்று இருக்கிறது.

ஜூன் மாதக் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு கப்பல் சமாதானக் கொடியுடன் கடலூருக்கு வந்தது. இங்கிலாந்தும் பிரான்ஸும் சமாதானத்துக்கு உடன்பட்டுவிட்டன என்று அது செய்தி கொண்டு வந்தது. எப்போது உடன்பட்டன? ஜனவரி 20-ந் தேதி! வெர்ஸேல்ஸில் கையெழுத்தாகி ஐந்து மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஸ்டூவர்ட் சென்னையை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே அவருடைய அரசரும் புஸ்ஸியின் அரசரும் பகையை விட்டிருந்தார்கள். ஜூன் 13-ல் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டவர்கள், ஐரோப்பாக் கணக்குப்படி, பகைவர்களே அல்ல!

ஜூலை 2-ந் தேதி சண்டை நின்றது. மாண்டவர்களுக்கு அந்தக் கடிதம் மிகப் பிந்தி வந்தது. ஸப்ரனுக்கும் புஸ்ஸிக்கும் மிக முந்தி வந்துவிட்டது. இன்னும் பதினைந்து நாள் தாமதித்திருந்தால் ஸ்டூவர்ட்டின் படையே அழிந்திருக்கலாம். தென்னாட்டில் கும்பெனியின் கதை வேறு விதமாகத் திரும்பியிருக்கலாம். திப்பு சுல்தானையோ அந்தக் கடிதம் நட்டாற்றில் விட்டது. பிரெஞ்சுக்காரர்கள் ஒதுங்கிக்கொள்ள, அவர் தனியே போராடி 1784 மார்ச் 11-ல் மங்களூர் உடன்படிக்கை செய்துகொண்டார். பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடலூரும் 1785-ல் ஆங்கிலேயர் கைக்கே திரும்பியது.

ஆகவே எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதிவிடலாம். இறந்த துரைமார்களின் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. சோல்ஜர்களுக்கும் சிப்பாய்களுக்கும் எண்ணிக்கையாவது இருக்கிறது. கெடிலத்தின் கரையில் விதை நெல்லையும் உழவு மாட்டையும் இழந்தவர்களுக்குப் பெயரும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. வெர்ஸேல்ஸிலிருந்து கடலூருக்கு அந்தச் சமாதானம் ஐந்து மாதத்தில் வந்து சேர்ந்தது. கடலூரிலிருந்து ஐந்தாறு காத தூரத்திலுள்ள ஒரு குடியானவன் வீட்டு அடுப்புக்கு அது எப்போது போய்ச் சேர்ந்ததோ!