செவெசோவின் மேகம்

1976 ஜூலை 10, சனிக்கிழமை மதியம். வட இத்தாலியின் மிலான் நகருக்கு அருகே, மேதா என்ற ஊரிலிருந்த இக்மேசா ரசாயன ஆலையில் கலன் ஒன்று அளவுக்கு மீறிச் சூடேறி, நச்சுப்புகையை வெளியே கக்கியது. காற்று அதைப் பக்கத்து ஊரான செவெசோவின்மேல் கொண்டுபோய் இறக்கியது. கிருமிநாசினி சோப்புக்கான மூலப்பொருளைத் தயாரித்த ஆலை அது என்பது கசப்பான வேடிக்கை. புகையில் இருந்தது டையாக்ஸின்: உடலின் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கி, ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடும் நஞ்சு.

முயல்களும் கோழிகளும் செத்து விழுந்தன. குழந்தைகளின் முகங்களில் கொப்புளங்கள் கிளம்பின. மிக மோசமான பகுதியிலிருந்து மக்களை வெளியேற்றத் தொடங்கியதோ ஜூலை 26 அன்றுதான்.

அவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். இத்தாலியில் அப்போது கருக்கலைப்பு குற்றம். தாயின் உடலுக்கோ மனத்துக்கோ கடும் கேடு நேருமென்றால் மட்டும் செய்யலாம் என்று 1975இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சிறு வழி விட்டிருந்தது. செவெசோவின் பெண்கள் அந்தச் சந்து வழியாகத்தான் நுழைய வேண்டியிருந்தது. நஞ்சு ஆலையிலிருந்து வந்தது. மருத்துவச் சான்றிதழில் பாதிக்கப்பட்டதாக எழுதப்பட்டதோ பெண்ணின் மனம். கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது, பெண்ணியவாதிகள் துணை நின்றார்கள். சிலர் கலைத்தார்கள், பலர் பெற்றெடுத்தார்கள். இரு சாராரையும் ஊரே கண்காணித்தது. 1978 மே மாதம் கருக்கலைப்பை அனுமதிக்கும் 194ஆம் சட்டம் வந்தபோது, அதற்கு முந்தைய விவாதங்களில் செவெசோவின் பெயர் ஓயாமல் ஒலித்திருந்தது.

வகுப்பில் ‘உடலரசியல்’ என்ற சொல்லை எளிதாகச் சொல்லிப் பழகியவள் நான். இந்த வரலாற்றைப் படித்த பிறகு அச்சொல்லுக்குள் காற்றும் புகுந்துவிட்டது.

1976இல் எடுத்த ரத்த மாதிரிகளை மருத்துவர் பாவ்லோ மொக்கரெல்லியின் ஆய்வகம் உறைநிலையில் பாதுகாத்து வைத்திருந்தது. அந்தப் பெண்களின் இனப்பெருக்க நலத்தை மையமாக வைத்த பெரிய ஆய்வு, பிரெண்டா எஸ்கெனாசி தலைமையில் 1996இல்தான் தொடங்கியது. இருபது ஆண்டுகள்! கருவைப் பற்றி அத்தனை சத்தம் போட்ட நாட்டில், கருவைச் சுமந்தவளின் உடலை விசாரிக்க எவருக்கும் அவசரமில்லை. 981 பெண்கள் பங்கேற்றார்கள். ரத்தத்தில் டையாக்ஸின் கூடுதலாக இருந்தவர்களுக்குக் கருத்தரிக்க அதிக காலம் பிடித்திருந்தது.

2008இல் இன்னொரு ஆய்வு வெளியானது. மிக மோசமான பகுதியில் வாழ்ந்த தாய்மாரின் சிசுக்களிடம் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் அதிகமாகக் காணப்பட்டது. அந்தச் சிசுக்கள் 1994க்கும் 2005க்கும் இடையில் பிறந்தவர்கள். மேகம் இறங்கிய நாளில் அவர்களுடைய தாய்மாரில் பலர் சிறுமிகள்.