எல்போவில் பிறந்த நாற்காலி

பின்னங்கால் இல்லாத இரும்புக்குழாய் நாற்காலியை அந்தக் கால ஆபீஸ்களில் பார்த்திருப்பீர்கள். அதன் முதல் மாதிரி சுத்த பிளம்பர் வேலை! 1926-இல் ஹாலந்துக் கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாம், கேஸ் குழாய்த் துண்டுகளை எல்போ போட்டு இணைத்துச் செய்தார். குழாயை எங்கும் வளைக்கவில்லை. அந்த நவம்பரில் ஸ்டுட்கார்ட்டில் நண்பர்களிடம் வரைந்தும் காட்டினார். அதைப் பார்த்த மீஸ் வான் டெர் ரோ, எல்போவே இல்லாமல் குழாயை அழகாக வளைத்துத் தன் நாற்காலியைச் செய்துவிட்டார். 1927 கண்காட்சியில் இரண்டுமே இருந்தன.

மீஸின் நாற்காலி ஸ்பிரிங் போல ஆடும், ஸ்டாமுடையது விறைப்பாக நிற்கும். எனக்கென்னவோ உட்கார மீஸுடையதுதான் சுகம் என்று படுகிறது. ஆனால் யோசனை யாருடையது? இந்த வடிவத்தின் உரிமைக்காகக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1932-இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் அது ஸ்டாமுக்கே என்று தீர்ப்பளித்தது.