கங்காணியின் நாற்காலி

2015 செப்டம்பரில் மூணாறில் கொளுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோது, அவர்களிடம் முதலில் அடிபட்டவை தொழிற்சங்கக் கொடிகள். அவர்கள் வேலை செய்த தேயிலைக் கம்பெனி போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்திருந்தது. அதற்கான கோபம் நிர்வாகத்தின் மீதும் இருந்தது. ஆனால் ஆறுதல் சொல்ல வந்த சங்கத் தலைவர்களும் தொகுதி எம்.எல்.ஏ.வும் அங்கே நிற்க முடியவில்லை. கேரளத்தின் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தனுக்கு மட்டும் அவர்கள் நடுவே உட்கார இடம் கிடைத்தது. ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் நடந்த அந்த ஒன்பது நாள் போராட்டத்தைச் சிலர் நன்றிகெட்டதனம் என்றார்கள், சிலர் அதிசயம் என்றார்கள். இரண்டுமே அந்த மலையின் பழைய கதையைத் தெரியாமல் சொன்னவை. தோட்டத்துப் பெண்ணுக்குச் சட்டம் இல்லாமல் போன காலம் குறைவு. சட்டம் நடைமுறைக்கு வரும் அறையில் அவளுக்காகப் பேச உட்கார்ந்தவர் யார், அவருக்குச் சோறு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற கேள்விதான் நூறு வருடத்துக்கு மேலாகக் கேட்கப்படாமல் கிடந்தது. வக்கீல் தொழிலில் இதுதான் அரிச்சுவடி. தோட்டத்தில் இது பேச்சாகக்கூட எழுந்ததில்லை.

பூஞ்சாறு மன்னரிடம் ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கியது 1877-இல். இருபது வருடம் கழித்து அங்கே கம்பெனி அமைந்து, காடு தேயிலையாக மாறத் தொடங்கியபோது, மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களைப் போடி மலை வழியாக ஏற்றிக் கொண்டுவந்தவர் கங்காணி. முன்பணம் கொடுத்தவர் அவர். வேலை வாங்கியவரும் அவர்தான். தன் ஆட்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று துரையிடம் கமிஷன் பெற்றவரும், அதே ஆட்களின் குறையைத் துரையிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவரும் அவரே. இதில் நல்ல கங்காணி, கெட்ட கங்காணி என்று பிரித்துப் பார்ப்பதில் பொருளில்லை. பெண் வேலைக்கு வராவிட்டால் தன் வருமானம் குறையும் என்ற நிலையில் இருப்பவரிடம், அவள் வேலைத்தளத்தில் பட்ட அவமானத்தைத் தீர்க்கும் பொறுப்பைக் கொடுத்ததே கோளாறு. ஓடிப்போவதும் வழியாகவில்லை. சென்னை மாகாணத்தில் 1859-ஆம் ஆண்டுச் சட்டம், முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போவதைக் கிரிமினல் குற்றமாக்கியிருந்தது. திருவிதாங்கூரிலும் அதே போக்கில் சட்டம் இருந்தது. அன்றைக்கு மூணாறு திருவிதாங்கூர், நெல்லியாம்பதி கொச்சி, வால்பாறையும் பாலக்காடும் சென்னை மாகாணம். ஆட்சி மூன்றாக இருந்தாலும் முன்பணமும் கங்காணியும் எங்கும் ஒன்றுதான். வால்பாறையில் தோட்ட மருத்துவராக இருந்து பின்னால் தொழிற்சங்கம் கட்டிய பி.எச். டேனியல், ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்த தன் நாவலில் மேலதிகாரிகளின் பாலியல் அத்துமீறலை மறைக்காமல் எழுதினார். நாவலை நீதிமன்றச் சாட்சியாக வைக்க முடியாது. ஆனால் அதை எழுதியவர் அந்தத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தவர் என்பதை ஒதுக்கவும் முடியாது.

இங்கே எழக்கூடிய மறுப்பு வலுவானது. கங்காணி முறையை ஒழிக்கப் போராடியதே தொழிற்சங்கம்தானே? உண்மை. 1958 அக்டோபரில் மூணாறில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரை விட்டது சங்கப் போராட்டத்தில்தான். அப்போது ஆட்சியில் இருந்தது கம்யூனிஸ்ட் அரசு என்பது தனிச் சோகம். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைமடுவம் என்ற குழந்தைக் காப்பகம் கட்டச் சொன்னது. வீடு, மருத்துவம், பேறுகால உதவி தரச் சொன்னது. சங்கம் இல்லாவிட்டால் இவை ஏட்டிலேயே இருந்திருக்கும். ஆனாலும் கங்காணி எழுந்து போன நாற்காலியில் சங்கத் தலைவர் உட்கார்ந்தபோது, நாற்காலியின் அமைப்பு மாறவில்லை. தொழில் தகராறுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, சமரசப் பேச்சில் வக்கீல்களுக்கு இடம் தரவில்லை. தீர்ப்பாயத்திலும் எதிர்த்தரப்பு சம்மதித்தால்தான் வக்கீல் வரலாம் என்றது. காரணம் நியாயமானது: கம்பெனியின் பெரிய வக்கீலுக்கு எதிரே ஏழைத் தொழிலாளி நிற்க முடியாது. விளைவோ வேறு. ஒரு வழக்கில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வக்கீல் அதே வழக்கில் மறுதரப்புக்குப் போகக்கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. மீறினால் புகார் கொடுக்க இடம் இருக்கிறது. அந்த வக்கீலை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே அனுப்பிய சங்கப் பிரதிநிதிக்கு அப்படி ஒரு விதியும் கிடையாது. கொளுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், மேஜையில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள், அவர்களுக்கு மேலே கட்சி. அவர்களில் நேர்மையானவர்கள் ஏராளம். நேர்மையை மட்டுமே நம்பி நடக்கும் முறை என்பதுதான் குறை.

சங்கம் ஒப்புக்கொண்டது என்பதாலேயே பாகுபாடு சரியாகிவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. மக்கின்னன் மக்கென்சி கம்பெனியில் பெண் ஸ்டெனோகிராபர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம் கொடுக்கப்பட்டது. சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படிதான் கொடுத்தோம் என்றது நிர்வாகம். கொடுக்கச் சக்தி இல்லை என்றும் சொன்னது. 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தின் முன் இரண்டு வாதங்களும் நிற்கவில்லை. இந்தத் தீர்ப்பு மலை ஏறியதா? 2015 அக்டோபரில் கேரளத்தில் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி: ரப்பருக்கு ரூ. 381, ஏலக்காய்க்கு ரூ. 330, தேயிலைக்கு ரூ. 301. ஆண்கள் அதிகம் பால் வெட்டும் பயிருக்கு மேல் கூலி, பெண்கள் கொளுந்து கிள்ளும் பயிருக்குக் கீழ்க் கூலி. பயிர் வேறு, சந்தை வேறு, அதனால் கூலி வேறு என்று முதலாளிமார் சொல்வதில் சட்டப்படி பிழையில்லை. ஒரே வேலை அல்லது ஒத்த வேலை என்றால்தான் சட்டம் ஒப்பிட்டுப் பார்க்கும். ஆனால் சட்டம் கேட்காத அந்த ஒப்பீட்டைப் பேச்சுவார்த்தை மேஜையில் யாராவது கேட்டிருக்கலாம். அதைக் கேட்க வேண்டிய அவசியம் உள்ளவர்கள் அந்த மேஜையில் அரிதாகவே இருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் மூணாறுப் பெண்களே நேரில் போய் உட்கார்ந்த பேச்சில், 8.33 சதவீதம் போனஸாகவும் 11.67 சதவீதம் கருணைத் தொகையாகவும் கூட்டி அதே 20 சதவீதம் கிடைத்தது. தொழிலாளர்களே பங்குதாரர்களாக உள்ள கம்பெனி அது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பங்குப் பத்திரம் பேசவில்லை, ரோடுதான் பேசியது.

பாலியல் தொந்தரவுச் சட்டத்துக்கு வருவோம். ராஜஸ்தான் கிராமத்தில் களப்பணி செய்த பன்வாரி தேவிக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து 1997-இல் விசாகா தீர்ப்பு பிறந்தது. அதிலிருந்து 2013-ஆம் ஆண்டுச் சட்டம். கிராமத்துப் பெண்ணின் வழக்கில் பிறந்த சட்டம், வளர்ந்தபோது அலுவலகத்துக்கு ஏற்றதாக வளர்ந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் குழு வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர். பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். அத்தனை பேரையும் நியமிப்பவர் முதலாளி. வக்கீலைக் கூட்டி வரக்கூடாது என்று 2013 விதிகளும் சொல்கின்றன. சுவருக்குச் சுவர் ஒட்டிய லயத்தில் குடியிருந்து, அந்த வீடும் வேலையோடு சேர்ந்தது என்று வாழும் பெண், யாருடைய ஆட்கள் முன் போய் வாய் திறப்பாள்? புகார் வரவில்லையே, அப்படியானால் தொந்தரவும் இல்லைதானே என்று கேட்பவர்கள் உண்டு. வராத புகாரை நற்சான்றிதழாகக் கொள்ள வேண்டுமானால், புகார் கொடுத்தவள் வேலையும் வீடும் இழக்கமாட்டாள் என்று முதலில் காட்ட வேண்டும். சட்டம் வந்து பத்து வருடம் ஆன பிறகும் அதன் அமலில் கடுமையான குறைகள் இருப்பதாக உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது, அதுவும் கல்வி நிலையம் சம்பந்தப்பட்ட வழக்கில். படித்தவர்கள் இடத்திலேயே அப்படியென்றால் ஏலக்காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

2017 ஏப்ரலில் அன்றைய மின்துறை அமைச்சர் எம்.எம். மணி இடுக்கியில் பேசிய பேச்சு, பெம்பிளை ஒருமைப் பெண்களை ஒழுக்கத்தைச் சொல்லி இழிவுபடுத்தியதாக எதிர்ப்பு எழுந்தது. பேச்சு திரிக்கப்பட்டது என்று அவர் மறுத்தார். பெண்கள் மறுபடி மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். மேடைப் பேச்சு வேலைத்தளத் தொந்தரவு ஆகாது என்பது சட்டத்தின் நேர்ப்பொருள், அதை நான் மறுக்கவில்லை. அந்த விவகாரம் உத்தரப் பிரதேச வழக்கொன்றோடு சேர்ந்து உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. அமைச்சரின் பேச்சை அரசின் பேச்சாக ஏற்றிச் சொல்ல முடியாது என்று 2023 ஜனவரி 3 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. அதை எழுதியவர் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். நீதிபதி நாகரத்னா இந்த இடத்தில் முழுக்க உடன்படவில்லை. கூலி கேட்டுத் தெருவுக்கு வந்ததற்காகப் பெண்ணின் ஒழுக்கத்தைத் தொட்டுப் பேசினால், அடுத்த முறை கூலி கேட்க வருபவள் இரண்டு முறை யோசிப்பாள். தொந்தரவுச் சட்டம் தடுக்க நினைப்பதும் இந்த யோசனையைத்தான். ஆனால் அதன் எல்லை வேலைத்தளத்தோடு நின்றுவிடுகிறது. பெம்பிளை ஒருமை பிற்பாடு பிளவுபட்டுச் சுருங்கியதைக் காட்டி, சங்கம் இல்லாமல் முடியாது பார்த்தீர்களா என்கிறார்கள். முடியாதுதான். அதனால்தான் சங்கத்துக்கும் வக்கீலுக்கு இருப்பது போன்ற கட்டுப்பாடு வேண்டும் என்கிறேன்.

இன்றைக்குத் தேனி மாவட்டத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிறார்கள். முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் வேலைத்தளம்தான் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அந்த வண்டியில் யாருக்கு இடம் என்று முடிவு செய்பவர் ஆள் கூட்டிப் போகிறவர்; நாளைக்குக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவர் கையில். பத்துப் பேருக்குக் குறைவான தோட்டமென்றால் புகார் மாவட்டக் குழுவுக்குப் போக வேண்டும். வேலைத்தளம் இடுக்கி என்பதால் தேனியில் கொடுத்துப் பயனில்லை. விசாரணைக்கு மாவட்டத் தலைமையகமான பைனாவு வரை போக வேண்டி வரலாம், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு. தமிழில் எழுதித் தரக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் அது கேரளத் தமிழ்ச் சிறுபான்மையினரை மனதில் வைத்து எழுதப்பட்டது. 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்போ, பல சங்கங்கள் உள்ள இடத்தில் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதத்தினர் ஆதரிக்கும் சங்கத்துக்கே தனியாகப் பேச்சுவார்த்தை உரிமை தருகிறது. தினமும் எல்லை தாண்டி வந்து எந்தத் தோட்டத்துப் பதிவேட்டிலும் நிலையாகப் பெயர் இல்லாதவள், அந்த 51-இல் எங்கே எண்ணப்படுவாள்?